ஏஜென்ட் யாருடைய ஆள்?

கல்யாணமாகி இருபத்தைந்து வருஷம் ஆகிவிட்டது. பிள்ளைகள் பிடுங்குகிறார்கள். 'அம்மாவைக் கூட்டிக்கிட்டு ஒரு தடவை கப்பல்ல போயிட்டு வாங்களேன்ப்பா!' சிங்கப்பூரில் ஏறினால் பினாங்கு, புக்கெட் என்று தொட்டுக் காட்டிவிட்டு, நாலைந்து நாளில் மறுபடி சிங்கப்பூரிலேயே கொண்டுவந்து இறக்கிவிடுகிற சொகுசுக் கப்பல். அந்த அப்பா நீங்கள்தான் என்று ஒரு பேச்சுக்கு வைத்துக்கொள்ளுங்கள். (அம்மாவாக இருந்தாலும் கணக்கு மாறாது.)

தெருமுனையில் ஒரு டிராவல் ஏஜென்ட். ஏ.சி. போட்ட சின்ன அறை, சுவரில் ஈஃபில் கோபுரம், மேஜையில் ஒரு உலக உருண்டை. போய் உட்காருகிறீர்கள். மனிதர் இரண்டு மணி நேரம் பேசுகிறார்.

ஜன்னல் இல்லாத அறை மலிவு. ஆனால் விளக்கை அணைத்தால் பகலா இரவா தெரியாது, மூச்சு முட்டுகிறது என்கிறவர்களுக்கு ஆகாது. அம்மாவுக்குத் தலைசுற்றல் உண்டா? அப்படியானால் கப்பலின் நடுவாக, கீழ்த் தளமாகக் கேட்டு வாங்குங்கள், ஆட்டம் குறைவு. நீச்சல் குளத்துக்கு நேர் கீழே இருக்கும் அறை வேண்டாம், விடியற்காலையில் நாற்காலி இழுக்கும் சத்தம் தூங்கவிடாது. விளம்பரத்தில் போட்டிருப்பது ஒரு ஆளுக்கான விலை, அதுவும் அறையில் இரண்டு பேர் இருந்தால்தான். துறைமுகக் கட்டணம், வரி, தினப்படி டிப்ஸ் எல்லாம் தனி. கப்பல் சிங்கப்பூரை விட்டுப் போய்த் திரும்பி வருகிறது, ஆகவே விசா ஒரு தடவை நுழையவா, பல தடவை நுழையவா என்று பாருங்கள். அப்புறம் நம்மூர் இனிஷியல் தொல்லை. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டம் காலியாக இருந்தால் கம்ப்யூட்டர் ஏற்காது. 2022 நவம்பரில் ஐக்கிய அரபு அமீரகம் ஒற்றைப் பெயர் பாஸ்போர்ட்டில் சுற்றுலா வருகிறவர்களை அனுமதிப்பதில்லை என்று அறிவித்து, எத்தனையோ தமிழர்களைத் திண்டாட வைத்தது. எந்தப் பெயரை எந்தக் கட்டத்தில் போடுவது என்று ஒரு தாளில் எழுதியே கொடுக்கிறார்.

'வீட்ல கலந்துக்கிட்டு சொல்றேன் சார்' என்று எழுந்துவிடுகிறீர்கள். டீக்குக்கூட அவர்தான் காசு கொடுத்தார்.

ராத்திரி பையன் லேப்டாப்பைத் திறக்கிறான். கப்பல் கம்பெனியின் சொந்த இணையதளம். ஏஜென்ட் சொன்ன அதே தளம், அதே நடுப்பகுதி, அவர் எழுதிக் கொடுத்த அதே பெயர். கிரெடிட் கார்டு, ஓ.டி.பி., முடிந்தது. 'எதுக்குப்பா நடுவுல ஒரு ஆளு? கமிஷன் மிச்சம்!'

தப்பு செய்தீர்களா?

சட்டப்படி ஒன்றும் இல்லை. வாக்குக் கொடுக்கவில்லை, கையெழுத்துப் போடவில்லை. ஆனாலும் அடுத்த வாரம் அந்தக் கடை வாசலைத் தாண்டும்போது எதிர்ப்பக்கமாக நடக்கத் தோன்றுகிறதல்லவா? அந்த எதிர்ப்பக்க நடையைத்தான் கொஞ்சம் விசாரிக்க வேண்டியிருக்கிறது.

முதலில் அந்த 'கமிஷன் மிச்சம்'. நடுவில் இருப்பவனை விலக்கினால் இரண்டு பக்கமும் லாபம் என்பது நமக்கு நன்றாகப் பழகிப்போன கணக்கு. 1999-ல் மதுரையில் முதல் உழவர் சந்தை தொடங்கியது இந்தக் கணக்கில்தான். விவசாயிக்கு நாலு காசு கூட, வாங்குகிறவருக்கு நாலு காசு குறைவு. மியூச்சுவல் ஃபண்டில் 2013 ஜனவரியிலிருந்து 'டைரக்ட்' திட்டம் என்று தனியாகவே வந்துவிட்டது. தரகர் இல்லாமல் போட்டால் செலவு விகிதம் குறைவு, அந்தக் குறைவு உங்கள் கணக்கிலேயே சேரும். செபி போட்ட விதி.

கப்பலில் இப்படி நடப்பதில்லை. பெரும்பாலான சொகுசுக் கப்பல் கம்பெனிகள் தங்கள் இணையதளத்தில் என்ன விலை போடுகின்றனவோ, கிட்டத்தட்ட அதே விலையைத்தான் ஏஜென்ட் மூலமும் விற்கின்றன. ஏஜென்ட்டின் பங்கு, அது பத்து சதவீதமோ சற்று மேலேயோ, அந்த விலைக்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. (துறைமுகக் கட்டணத்துக்கும் வரிக்கும் அவருக்குக் கமிஷன் கிடையாது.) நீங்கள் நேரே போய் வாங்கினால் அந்தப் பத்து சதவீதம் உங்களுக்குத் திரும்புவதில்லை, கப்பல் கம்பெனியிடமே தங்கிவிடுகிறது. பையன் மிச்சம் பிடித்ததாகச் சொன்னானே, மிச்சம் பிடித்தது அவர்கள்!

மொத்தமாக விற்கிற பெரிய ஏஜென்ட்டுகள் சில அறைகளை முன்கூட்டியே பிடித்து வைத்துக்கொண்டு சற்றுக் குறைவாகக் கொடுப்பதும் உண்டு, கப்பலில் செலவழிக்க ஐம்பதோ நூறோ டாலர் சேர்த்துக் கொடுப்பதும் உண்டு. எதிர்ப்பக்கமும் ஒன்று இருக்கிறது. இந்தியாவில் வெளிநாட்டுச் சுற்றுலாப் பேக்கேஜ் விற்கிறவர், 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, உங்களிடமே வருமான வரிக்கு முன்பணம் பிடிக்க வேண்டும். டி.சி.எஸ். என்பார்கள். பின்னால் வரியில் கழித்துக்கொள்ளலாம், ஆனால் அன்றைக்குக் கையை விட்டுப் போகிறது. ஆக, விலைக் கணக்கு அங்கே இங்கே கொஞ்சம் ஆடும். பெரிய வித்தியாசம் இல்லை.

விமானக் கம்பெனிகள் இந்த மிச்சத்தை முன்பே பிடித்துவிட்டன. அமெரிக்காவில் டெல்டா 1995-ல் ஏஜென்ட் கமிஷனுக்கு உச்சவரம்பு போட்டது, 2002-ல் அடியோடு எடுத்தது. இந்தியாவில் 2008 வாக்கில் பெரிய கம்பெனிகள் அதையே செய்தன. விமான சீட்டை விளக்கிச் சொல்ல ஆள் வேண்டாம், எங்கே உட்கார்ந்தாலும் முட்டி இடிக்கும். கப்பலுக்கு இன்னும் விளக்க ஆள் வேண்டியிருக்கிறது. அதனால்தான் கமிஷனும் உயிரோடு இருக்கிறது.

பணத்தை விட்டுவிட்டு ஆளுக்கு வருவோம். அந்த ஏஜென்ட் யாருடைய ஆள்?

'இதென்ன கேள்வி? காசு கொடுக்கிறது கப்பல்காரன், அவனோட ஆள்தான்' என்பீர்கள். கப்பல்காரரைக் கேட்டால் இல்லை என்கிறார். அமெரிக்காவின் கார்னிவல் நிறுவனத்தினுடைய டிக்கெட் ஒப்பந்தத்தைப் பொடி எழுத்துக்கு அஞ்சாமல் படித்துப் பார்த்தால் இந்த விஷயம் இருக்கிறது. பயணி எந்த ஏஜென்ட் மூலம் வந்திருந்தாலும், எல்லா வகையிலும் அவர் பயணியின் ஏஜென்ட்டே. அவர் சொன்ன சொல்லுக்குக் கம்பெனி பொறுப்பல்ல. அவருடைய பண நிலைமைக்கும் நாணயத்துக்கும்கூடப் பொறுப்பல்ல. மற்ற பெரிய கப்பல்களின் ஒப்பந்தங்களிலும் இதன் சாயல் உண்டு.

எவ்வளவு அழகு பாருங்கள்! கமிஷன் கொடுப்பது அவர்கள், போட்டி வைத்துப் பரிசு கொடுப்பது அவர்கள், 'இந்த மாசம் இந்தக் கப்பலைத் தள்ளுங்க' என்று சொல்வதும் அவர்கள். சிக்கல் வந்தால் மட்டும் அவர் உங்கள் ஆள்.

நம்முடைய ஒப்பந்தச் சட்டம் 1872-ல் வந்தது. அதன் 182-ம் பிரிவு ஏஜென்ட் என்பவரை, இன்னொருவருக்காக ஒரு காரியம் செய்யவோ மூன்றாமவரிடம் அவர் சார்பில் நடந்துகொள்ளவோ அமர்த்தப்பட்டவர் என்கிறது. அமர்த்தியவர் யார் என்பதுதான் கேள்வியே. நீங்கள் அவரை அமர்த்தினீர்களா? ஏதாவது கொடுத்தீர்களா? 'சும்மா விசாரிக்க' போனீர்கள். அவரும் சும்மா விசாரிக்க வந்தவரிடம் சும்மா பேசுவதுபோல் பேசினார். இரண்டு பேருக்கும் அது சும்மா இல்லை என்று தெரியும்.

மாட்டுச் சந்தையில் பார்த்திருப்பீர்கள். தரகர் துண்டைப் போட்டு மூடி, உள்ளே விரலைப் பிடித்து விலை பேசுவார். சுற்றி நிற்கிற யாருக்கும் தொகை தெரியாது. விற்கிறவர் விரலைப் பிடித்தபோது என்ன சொன்னார், வாங்குகிறவர் விரலைப் பிடித்தபோது என்ன சொன்னார் என்பது அந்தத் துண்டுக்குத்தான் வெளிச்சம். ஆனால் அங்கே ஒரு நியாயம் உண்டு. துண்டு எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. மறைக்கிறார் என்பதையாவது மறைக்கவில்லை. டிராவல் ஆபீஸில் துண்டே கண்ணுக்குத் தெரிவதில்லை.

கமிஷன் வாங்காமல் நடுவில் நடந்தவர் என்றால் எனக்கு ஒருவர்தான் ஞாபகம் வருகிறார், திருவாரூர் தியாகராஜர். சுந்தரருக்காகப் பரவையார் வீட்டுக்கு நள்ளிரவில் இரண்டு தடவை தூது நடந்ததாகப் பெரியபுராணம் சொல்கிறது. அதற்கே ஏயர்கோன் கலிக்காமருக்குக் கோபம் வந்துவிட்டது, கடவுளையா தூது அனுப்புவது என்று. மற்ற எல்லாருக்கும் வயிறு இருக்கிறது. ஆபீஸ் வாடகை இருக்கிறது.

நம்முடைய பங்கைப் பார்க்க வேண்டியது இங்கேதான். நாம் பொருளுக்குக் காசு கொடுப்போம், சொல்லுக்குக் கொடுக்க மாட்டோம். டாக்டர் பார்த்துவிட்டு 'ஒண்ணுமில்லை, மருந்து வேண்டாம்' என்று அனுப்பினால் ஃபீஸ் வீணாகிவிட்டதாக வருத்தப்படுகிற ஜாதி நாம். உண்மையில் அந்த ஒரு வார்த்தைக்குத்தான் அவர் அத்தனை வருஷம் படித்தார். விதிவிலக்கு ஜோசியர். அவருக்கு மட்டும் வெற்றிலை பாக்கில் வைத்து மறு பேச்சில்லாமல் கொடுத்துவிடுவோம். சனிப்பெயர்ச்சிக்கு தட்சணை உண்டு, சிங்கப்பூர் விசாவுக்குக் கிடையாது!

யோசனைக்கு நாம் நேராகக் காசு கொடுப்பதில்லை என்பதால், அந்தக் காசு சுற்றிக்கொண்டு வருகிறது. பொருளின் விலைக்குள் ஒளிந்து வருகிறது. ஒளிந்து வருகிற காசு யாரிடமிருந்து வருகிறதோ அவர் பக்கம் யோசனை கொஞ்சம் சாய்கிறது. எந்தக் கப்பலுக்குக் கமிஷன் அதிகமோ அந்தக் கப்பலில் சாப்பாடு நன்றாக இருப்பதாக ஏஜென்ட்டுக்குத் தோன்றும். பொய் சொல்கிறார் என்று அர்த்தமில்லை. அவருக்கே அப்படித் தோன்றிவிடும், அதுதான் இதில் நுட்பம். இலவச யோசனை வேண்டும், அதுவும் பாரபட்சமில்லாமல் வேண்டும் என்று கேட்கிறோம். இரண்டும் ஒரே கடையில் கிடைக்காது.

இன்சூரன்ஸில் இந்த நாடகத்தின் இன்னொரு காட்சியை நம்மில் பலர் நடித்திருக்கிறோம். 'முதல் பிரீமியம் நீங்களே கட்டிடுங்க சார், பாலிசி எடுக்கிறேன்.' 1938-ம் வருஷத்து இன்சூரன்ஸ் சட்டம், 41-ம் பிரிவு. ஏஜென்ட் தன் கமிஷனில் பங்கு கொடுத்து ஆள் பிடிப்பது குற்றம், அந்தப் பங்கை வாங்கிக்கொள்வதும் குற்றம். எத்தனை மரியாதையான குடும்பங்களில் கூசாமல் கேட்டிருக்கிறார்கள்! கமிஷன் என்பது அவருடைய கூலி என்ற எண்ணம் நமக்கு வருவதே இல்லை. நம் பாக்கெட்டிலிருந்து அவர் எடுத்த ஏதோ ஒன்று, கொஞ்சம் திருப்பிக் கொடுத்தால் என்ன என்றுதான் தோன்றுகிறது.

'சரி, தி. நகரில் ஒரு புடவைக் கடைக்குப் போகிறோம். ஐம்பது புடவையைப் பிரித்துப் போடச் சொல்கிறோம். ஒன்றும் பிடிக்கவில்லை, எழுந்து வந்துவிடுகிறோம். அதைத் தப்பு என்பீர்களா?' என்று யாராவது கேட்கலாம். நல்ல கேள்வி. தப்பு என்று சொல்ல மாட்டேன். பிரித்த புடவையை மடித்து வைத்துவிடுவார்கள். நீங்கள் எடுத்துக்கொண்டு போனது ஒன்றுமில்லை. விற்கிறவரின் உழைப்பு வீணானது வியாபாரத்தில் சகஜம், அதற்கும் சேர்த்துத்தான் விலை வைக்கிறார்.

யோசனையை மடித்து வைக்க முடியாது. ஏஜென்ட் விற்கிற சரக்கே அந்த இரண்டு மணி நேரப் பேச்சுதான், கப்பல் அவருடையது இல்லையே. நடுத்தளம், பல தடவை நுழையும் விசா, பெயரைப் போட வேண்டிய கட்டம், அத்தனையையும் கையோடு கொண்டு வந்துவிட்டீர்கள். புடவையைப் பிடிக்காமல் எழுந்து வருவதற்கும், பிடித்து, பையில் போட்டுக்கொண்டு, பில் போடும் இடத்தை மட்டும் சுற்றிக்கொண்டு வருவதற்கும் உள்ள வித்தியாசம் இது.

ஆகவே என் கட்சி இதுதான். வாங்குவோமா மாட்டோமா என்று தெரியாமல் ஏஜென்ட்டிடம் போய், கேட்டு, கடைசியில் 'கப்பலே வேண்டாம், காசி ராமேஸ்வரம் போதும்' என்று முடிவு செய்தால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. கேட்டுப் பார்த்து, இன்னொரு ஏஜென்ட் மேல் என்று அவரிடம் போனாலும் இல்லை. ஆனால் நெட்டில்தான் வாங்கப் போகிறோம் என்று முன்பே முடிவு செய்துவிட்டு, தெரியாததைத் தெரிந்துகொள்ள மட்டும் ஏஜென்ட் முன்னால் வாங்குகிறவர்போல உட்காருவது, அவருடைய கூலியை எடுத்துக்கொள்வதுதான். அதே நாற்காலிதான், அதே டீதான். மனசுக்குள் இருந்தது மட்டும் வேறு. ஏஜென்ட்டுக்கு அது தெரியாது, உங்களுக்குத் தெரியும்.

'அவர் சொன்னதே கமிஷனுக்காகத்தானே? அவருக்கு நான் என்ன கடன்பட்டிருக்கிறேன்?' என்பது அடுத்த வாதம். கமிஷனுக்காகச் சொன்னார்தான். ஆனால் அதை நம்பித்தானே அறையைத் தேர்ந்தெடுத்தீர்கள்? உபயோகமில்லாத யோசனை என்றால் விட்டிருப்பீர்கள். கடைப்பிடித்தபோதே அதற்கு ஒரு விலை உண்டு என்று ஒப்புக்கொண்டாகிவிட்டது.

இதை வைத்து, எல்லாரும் ஏஜென்ட்டிடமே போங்கள் என்று நான் சொல்வதாக நினைத்துவிட வேண்டாம். ஒரு தொழிலை உயிரோடு வைத்திருக்கும் கடமை வாடிக்கையாளருக்குக் கிடையாது. எஸ்.டி.டி. பூத்துகள் போயின, கோர்ட் வாசல் டைப்ரைட்டர்கள் அநேகமாகப் போய்விட்டன. யாரும் பாவம் சுமக்கவில்லை. ஏற்கெனவே இரண்டு தடவை கப்பலில் போனவர், தளங்களின் படத்தைத் தானே பார்த்துப் புரிந்துகொள்கிறவர், இரண்டு மூன்று இரவுப் பயணம்தான், கூட வயசானவர்கள் இல்லை என்றால் நேரே வாங்குவதே சௌகரியம். அறையை மாற்றவோ ரத்து செய்யவோ நீங்களே கம்பெனியிடம் பேசலாம். ஏஜென்ட் மூலம் வாங்கிவிட்டுக் கம்பெனிக்குப் போன் செய்தால், பல இடங்களில் 'உங்க ஏஜென்ட்கிட்ட பேசுங்க சார்' என்று இனிமையாகச் சொல்லி வைத்துவிடுவார்கள். அது ஒரு உண்மையான அசௌகரியம். ஏஜென்ட் ஞாயிற்றுக்கிழமை போனை எடுக்க மாட்டார் என்றால் இன்னும் அசௌகரியம்.

நேரே வாங்குகிறவருக்கு வேறு விதமான தனிமை உண்டு. கப்பல் எந்தத் துறைமுகத்தையும் விட்டுவிட்டுப் போகலாம் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருக்கும். 2022 ஜூனில் சென்னையிலிருந்து முதல்முறையாகக் கோர்டிலியா கப்பல் சுற்றுலா கிளம்பியபோது, பயணத் திட்டத்தில் இருந்த புதுச்சேரியில் அரசு அனுமதி கிடைக்காமல் போயிற்று. யார் தப்பு, யார் சரி என்பது இருக்கட்டும். அந்த மாதிரி நேரத்தில் 'இதுக்கு ஏதாவது கிடைக்குமா, எங்கே எழுதிப் போடணும்?' என்று கேட்க ஒரு முகம் வேண்டும்.

2020 மார்ச்சில் உலகம் முழுக்கக் கப்பல்கள் நின்றன. முன்பணம் கட்டியவர்கள் லட்சக்கணக்கில். நேரே வாங்கியவர்கள் போனைக் காதில் வைத்துக்கொண்டு சங்கீதம் கேட்டார்கள். ஏஜென்ட் மூலம் வாங்கியவர்களில் இரண்டு வகை. சில ஏஜென்ட்டுகள் ஷட்டரை இறக்கிவிட்டுக் காணாமல் போனார்கள். வேறு சிலர் வீட்டில் உட்கார்ந்து, ஒவ்வொரு பயணிக்கும் மெயில் மேல் மெயில் போட்டு, பணத்தை மாதக்கணக்கில் போராடி வாங்கிக் கொடுத்தார்கள். பொதுவாகப் பயணம் ரத்தானால் ஏஜென்ட்டின் கமிஷனும் ரத்து. தன் கமிஷனையே இல்லாமல் செய்கிற காரியத்துக்காக அந்த மனிதர் ராத்திரியெல்லாம் உழைத்தார் என்றால், அந்த நேரத்தில் அவர் யாருடைய ஆள் என்பதில் சந்தேகமே வேண்டாம். அதற்கு எவரும் அவருக்கு ஒரு பைசா கொடுக்கவும் இல்லை.

இந்தத் தொழிலில் இப்போது சிலர் யோசனைக்கென்றே ஒரு சிறு தொகை வாங்குகிறார்கள். பயணம் உறுதியானால் அதைக் கழித்துக்கொள்வார்கள், இல்லாவிட்டால் அது அவர்கள் கூலி. நம்மவர்களுக்கு இதைக் கேட்டதும் சுருக்கென்கிறது. 'கேட்டதுக்கே காசா?' எனக்கு இது ரொம்பப் பிடித்திருக்கிறது. ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்தவுடன் அவர் உங்கள் ஆளாகிவிடுகிறார். அதன்பிறகு நெட்டில் வாங்கினாலும் எதிர்ப்பக்கமாக நடக்க வேண்டியதில்லை.

அப்படி வாங்காத ஏஜென்ட் என்றால், ஆரம்பத்திலேயே சொல்லிவிடலாம். 'சார், நான் அநேகமா நேரேதான் புக் பண்ணுவேன். ஆனா நாலு விஷயம் தெரியலை. உங்க நேரத்துக்கு என்ன கொடுக்கணும்?' முதலில் கொஞ்சம் முழிப்பார். பலர் 'அதெல்லாம் எதுக்கு சார், கேளுங்க' என்றே சொல்லிவிடுவார்கள். அப்போது அது தானம். நீங்கள் எடுத்ததில்லை, அவர் கொடுத்தது.

அவர் மூலமே வாங்குவதென்றால் வேறு ஒரு கேள்வி. இதைக் கேட்கக் கொஞ்சம் துணிச்சல் வேண்டும். மனைவி காலை மிதிப்பார், பரவாயில்லை. 'இந்தக் கப்பல்ல உங்களுக்கு எவ்வளவு வருது சார்? அந்தப் பக்கத்துக் கப்பல்ல எவ்வளவு?' கோபமாக இல்லாமல், மழை வருமா என்று கேட்கிற மாதிரி சாதாரணமாகக் கேளுங்கள். சிலர் சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் திரையை உங்கள் பக்கம் திருப்பிக் காட்டுவார்கள். சிலர் பையனைக் கூப்பிட்டு இன்னொரு டீ சொல்வார்கள்.